தண்டுவடத்தில் மின்சாரம்: வலி குறைந்தது எதனால்?

முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. புண் ஆறிவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது, படம் எடுத்துப் பார்த்த மருத்துவரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் இரவில் போர்வை காலில் பட்டால் தாங்க முடியவில்லை. துணி உரசினாலே சுரீர் என்கிறது. நெருப்பின் அருகே வைத்தது போல ஓர் எரிச்சல், ஊசிகளால் குத்துவது போல ஒரு குத்தல், இடையிடையே மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு. மாதங்கள் கடந்து வருடமாகிறது. பார்ப்பவர்களுக்குக் காலில் ஒன்றும் தெரியாது. அதனால் நம்புவதற்கும் ஆள் குறைந்துகொண்டே போகிறது.

இதைத்தான் நாள்பட்ட நரம்பு வலி என்கிறோம். சாதாரண வலி ஒரு செய்தி. இங்கே அடிபட்டிருக்கிறது, கவனி என்று உடல் மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. நரம்பு வலியில் செய்தியைக் கொண்டுபோகும் கம்பியே பழுதாகியிருக்கிறது. காயம் இல்லாமலே அது கத்திக்கொண்டிருக்கும். நீரிழிவு பாதத்து நரம்புகளைக் கெடுக்கும்போது இப்படி வரலாம். அக்கி வந்து ஆறிய இடத்தில் வரலாம். முதுகு அறுவைக்குப் பிறகு காலுக்கு இறங்கும் நரம்பில் தங்கிவிடலாம். கபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன. பலருக்குப் பாதி கூடக் குறைவதில்லை.

இப்படி எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்துவிட்டவரிடம் மருத்துவர் ஒரு கருவியைப் பற்றிச் சொல்கிறார்: தண்டுவடத் தூண்டல் கருவி. அந்தக் கருவி வேலை செய்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் தேடத் தொடங்கவே மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. ஏன் என்று புரிந்துகொண்டால், எந்தச் சிகிச்சையைப் பற்றிய செய்தியையும் வேறு கண்ணோடு படிக்க முடியும்.

கருவி என்ன செய்கிறது?

முதுகெலும்புக் குழாய்க்குள், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறைக்கு வெளியே, ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அதற்குள் நூல் போன்ற கம்பி ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதன் நுனியில் சின்னச் சின்ன மின்முனைகள் வரிசையாக இருக்கும். கம்பியின் மறுமுனை தோலுக்கு அடியிலேயே ஓடி, இடுப்புக்குக் கீழேயோ வயிற்றுப் பக்கத்திலேயோ புதைத்து வைத்த பேட்டரிப் பெட்டியோடு சேரும். பெட்டி துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்புகிறது. நோயாளியின் கையில் ஒரு ரிமோட் இருக்கும்.

இந்த யோசனைக்கு அடித்தளம் போட்டது 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் வெளியிட்ட ஒரு கோட்பாடு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் நம் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறது, இல்லையா? தேய்த்தால் வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகளும் வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளும் தண்டுவடத்தில் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்கின்றன, தொடு உணர்வு நிறைய வந்தால் வாசல் வலிக்குச் சாத்தப்படுகிறது என்றார்கள் அவர்கள். அப்படியானால் தொடு உணர்வு இழைகளை நாமே மின்சாரத்தால் தூண்டினால் என்ன? 1967இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், புற்றுநோய் வலியால் துடித்த ஒருவருக்கு முதன்முதலாக இதைச் செய்து பார்த்தார். கோட்பாடு வெளிவந்து இரண்டே வருடங்களில் அது மனித உடலுக்குள் போய்விட்டது.

பழைய வகைக் கருவிகள் வினாடிக்கு நாற்பது முதல் அறுபது துடிப்புகளை அனுப்பும். அவை வேலை செய்யும்போது வலிக்கிற இடம் முழுக்க ஒரு குறுகுறுப்பு பரவும். கால் மரத்துப்போய் மீண்டும் உணர்வு வரும்போது தோன்றுமே, ஏறக்குறைய அது போல. குறுகுறுப்பு வலி இருக்கும் இடத்தைச் சரியாக மூடுகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் கம்பியின் இடத்தையே முடிவு செய்தார்கள். இந்தக் குறுகுறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சிக்கலுக்கெல்லாம் காரணம் இதுதான்.

குறைந்தது சரி, எதனால்?

கருவி பொருத்திய பிறகு ஒருவர், "வலி பாதியாகக் குறைந்துவிட்டது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. அவருக்கு வலி குறைந்திருக்கிறது. ஆனால் அதைக் குறைத்தது மின்சாரம்தான் என்று அந்த ஒரு வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. வலி குறைய வேறு பல வழிகளும் உண்டு.

முதலாவது, வலி அலை போன்றது. ஏறும், இறங்கும். அறுவை வரைக்கும் போகலாம் என்று ஒருவர் எப்போது முடிவெடுப்பார்? அலை உச்சியில் இருக்கும்போது. உச்சியில் இருந்து பார்த்தால் அடுத்தது இறக்கம்தான். அந்த நேரத்தில் என்ன செய்திருந்தாலும், எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் கூட, சில மாதங்களில் எண்கள் கொஞ்சம் இறங்கியிருக்கும். புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். எத்தனையோ சிகிச்சைகளுக்குக் கிடைத்த நற்பெயரில் ஒரு பங்கு இந்த இறக்கத்துக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. மருந்தே இல்லாத மாத்திரையை மருந்து என்று நம்பி விழுங்கினாலும் சிலருக்கு வலி தணிகிறது. பிளாசிபோ என்று மருத்துவர்கள் சொல்லும் இதைத் தமிழில் மருந்துப்போலி என்கிறோம். இதை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுவது தவறு. 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது, மருந்துப்போலியால் தணிந்திருந்தவர்களின் வலி கூடியது. அதாவது நம்பிக்கை உடலுக்குள் வேதிப்பொருளாகவே இறங்கி வேலை செய்கிறது. வலி குறைந்தது என்று சொல்பவரை ஏமாந்தவர் என்று யாரும் ஏளனம் செய்ய இதில் இடமே இல்லை.

இந்த எதிர்பார்ப்பை வளர்க்க அறுவைச் சிகிச்சையை விஞ்சிய ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை. ஒரு மாத்திரைக்கு முன்னால் யாரும் இரவெல்லாம் விழித்திருப்பதில்லை. அறுவைக்கு முன்னால் ஆலோசனைகள், ஸ்கேன்கள், கையெழுத்துகள், குடும்பத்தின் கவலை, பிரார்த்தனை, பிறகு மயக்க மருந்து, கட்டு, தழும்பு. தண்டுவடத் தூண்டலில் இவற்றோடு கையில் ஒரு ரிமோட்டும் இருக்கிறது. வலியைப் பற்றி இத்தனை வருடம் எதுவுமே செய்ய முடியாமல் இருந்தவருக்கு அழுத்துவதற்கு ஒரு பொத்தான் கிடைப்பதே பெரிய விஷயம்.

மருத்துவம் இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒரு முறை படித்திருக்கிறது. 1950களில் இதய வலிக்காக மார்புச் சுவரில் ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிடும் அறுவை பரவலாக நடந்தது. நோயாளிகள் வலி குறைந்தது என்றார்கள், மருத்துவர்களும் மகிழ்ந்தார்கள். 1959இல் லெனார்ட் காப் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 17 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்குத் தமனியைக் கட்டினார்கள், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள். கொஞ்ச காலத்தில் அந்த அறுவையே வழக்கொழிந்தது.

சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால் போதாதா?

தண்டுவடத் தூண்டலுக்கு ஆய்வுகளே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிறைய இருக்கின்றன. 2007இல் வெளியான ஒரு பெயர்பெற்ற ஆய்வில், முதுகு அறுவைக்குப் பிறகும் கால் வலி தீராத 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவம் மட்டும், மறுபாதிக்கு அதனோடு கருவியும். ஆறு மாதம் கழித்துக் கால் வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் கருவிக் கூட்டத்தில் 48 விழுக்காடு, மற்றதில் 9 விழுக்காடு. 2021இல் நீரிழிவு நரம்பு வலிக்காரர்கள் 216 பேரிடம் நடந்த ஆய்வில் இடைவெளி இன்னும் பெரிது: அந்த ஆய்வு வெற்றி என்று முன்கூட்டியே வரையறுத்த அளவை எட்டியவர்கள் கருவியோடு 79 விழுக்காடு, கருவி இல்லாமல் 5 விழுக்காடு. இப்படிப்பட்ட எண்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் துள்ளும்.

ஆனால் ஒப்பீட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஒரு கூட்டத்துக்குப் புதிய கருவி கிடைத்தது. மற்றக் கூட்டத்துக்கு ஏற்கெனவே பலனளிக்காத அதே பழைய மருத்துவம் தொடர்ந்தது. யாருக்கு என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கருவி கிடைத்தவருக்கு நம்பிக்கையும் சேர்ந்து கிடைத்தது, கிடைக்காதவருக்கு ஏமாற்றமும் சேர்ந்து கிடைத்தது. வலி என்பதோ இரத்தச் சர்க்கரை போல எந்திரம் அளந்து சொல்லும் எண் கிடையாது. சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை நோயாளியே சொல்ல வேண்டும். மின்சாரத்தின் பங்கும் மற்றவற்றின் பங்கும் அந்த ஒரே எண்ணுக்குள் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. குலுக்கல் முறை இருந்தும், சராசரிக்குத் திரும்புதல் என்ற பிரச்சினை இரு பக்கமும் சமமாகி நீங்கியும், எதிர்பார்ப்பு மட்டும் நீங்கவில்லை.

பிரிக்க ஒரே வழிதான் உண்டு. இரு கூட்டத்துக்கும் கருவி பொருத்த வேண்டும். ஒன்றில் மின்சாரம் ஓட வேண்டும், மற்றதில் ஓடக் கூடாது. எது எது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது.

இங்கேதான் குறுகுறுப்பு குறுக்கே வந்து நின்றது. பழைய வகைக் கருவி ஓடினால் உடலே சொல்லிவிடும். குறுகுறுப்பு இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நின்றுவிட்டது. அப்பேர்ப்பட்ட கருவியை வைத்து யாரையும் அறியாமையில் வைக்க முடியாது. 1967க்குப் பிறகு பல பத்தாண்டுகளாக மருந்துப்போலிச் சோதனை இந்தத் துறையில் அரிதாகவே இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். சோம்பல் என்று மட்டும் பழி சொல்வது நியாயமாகாது.

பிறகு தொழில்நுட்பம் மாறியது. வினாடிக்குப் பத்தாயிரம் துடிப்புகள் அனுப்பும் உயர் அதிர்வெண் வகை வந்தது. துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்பும் வகையும் வந்தது. இவற்றில் நோயாளிக்குக் குறுகுறுப்பே தெரிவதில்லை. தொல்லையில்லாத சிகிச்சை என்று சொல்லி நிறுவனங்கள் இவற்றை விற்றன. ஆய்வாளர்களுக்கோ இது வேறு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. உணர்வே தெரியாத சிகிச்சை என்றால், அதை நிறுத்தினாலும் தெரியாது. கூடவே ஒரு புதிய கேள்வியும் எழுந்தது. தொடு உணர்வால் வலியின் வாசலைச் சாத்துகிறோம் என்பதுதானே ஆரம்ப விளக்கம்? உணர்வே இல்லாத தூண்டல் எந்த வாசலைச் சாத்துகிறது? இதற்குப் பல விளக்கங்கள் பேசப்படுகின்றன, ஒன்றும் உறுதியாகவில்லை. விளக்கம் இவ்வளவு ஆட்டம் காணும்போது, பலன் உண்டா என்ற சோதனை இன்னும் அவசரமாகிறது.

போலியை உருவாக்குவது எப்படி?

கருவியை நிறுத்திவிட்டால் போலி தயார் என்று தோன்றும். நடைமுறையில் நூறு வழியாக இரகசியம் கசியும். வீட்டில் சார்ஜ் போடும் வகைக் கருவியாக இருந்தால், மின்சாரம் ஓடாத மாதத்தில் பேட்டரி குறையவே குறையாது. வாரம் ஒரு முறை சார்ஜ் போட்டு வந்தவருக்கு இரண்டாவது வாரமே புரிந்துவிடும். ரிமோட்டின் திரை காட்டிக்கொடுக்கலாம். குனியும்போதோ திரும்பும்போதோ கம்பி தண்டுவடத்துக்குச் சற்று நெருங்கி, ஒரு நொடி குறுகுறுப்பு தெரிந்துவிடலாம். அமைப்பை மாற்றும் செவிலியரின் முகமே சொல்லிவிடலாம். எனவே நல்ல ஆய்வில் கடைசியாக நோயாளியிடமே கேட்பார்கள்: உங்களுக்கு எந்தக் காலத்தில் உண்மையான தூண்டல் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பதில்கள் பூவா தலையா போட்டது போல இருந்தால் இரகசியம் கசியவில்லை என்று பொருள். பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால் ஆய்வின் முடிவை ஒரு படி தள்ளி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஓடாத கருவியை ஒருவர் உடலில் புதைப்பது அறமா என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை மாற்றிமாற்றிச் சோதிக்கும் முறை. எல்லோருக்கும் கருவி பொருத்துவார்கள், எல்லோருக்கும் சில மாதங்கள் ஓடும், சில மாதங்கள் ஓடாது. எது முதலில் என்பதை மட்டும் குலுக்கல் முடிவு செய்யும். ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒப்பீடு ஆவதால் குறைந்த ஆட்களை வைத்தே தெளிவான விடை கிடைக்கும் என்பது இன்னொரு வசதி.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 2013இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே கருவியால் பலன் பெற்றுவந்த 33 பேரிடம் வினாடிக்கு 5,000 துடிப்புத் தூண்டலையும் போலியையும் இரண்டு இரண்டு வாரம் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் இடையே உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: எதை முதலில் கொடுத்தாலும் முதலில் வந்தது அதிகப் பலன் தந்தது. உண்மையோ போலியோ, புதிதாகத் தொடங்குவதற்கே ஒரு பலம் இருந்திருக்கிறது. இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நார்வேயில் ஒரு வருடம்

2022 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு நார்வே ஆய்வு வெளியானது. நடந்த இடம் டிரான்ட்ஹைம் நகரத்தின் புனித ஓலாவ் மருத்துவமனை. முதுகு அறுவைக்குப் பிறகும் காலுக்கு இறங்கும் நரம்பு வலி நீங்காத 50 பேர் இதில் பங்கெடுத்தார்கள். சும்மா எடுத்த 50 பேர் இல்லை. முதலில் இரண்டு வாரம் பழைய வகைத் தூண்டலைத் தற்காலிகமாகக் கொடுத்துப் பார்த்து, அதில் வலி போதிய அளவு குறைந்தவர்களுக்கு மட்டுமே நிலையான கருவி பொருத்தினார்கள். அதாவது, கருவி இவர்களுக்குப் பலிக்கும் என்று வழக்கமான முறைப்படி தேறியவர்கள்.

அவர்களில் ஒருவருடைய அந்த ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கருவியின் அமைப்பு மாற்றப்படும். மொத்தம் நான்கு காலங்கள். இரண்டில் கொத்துத் துடிப்புத் தூண்டல் ஓடும், குறுகுறுப்பு தெரியத் தொடங்கும் அளவில் ஐம்பது முதல் எழுபது விழுக்காடு வலிமையில். மற்ற இரண்டில் எதுவும் ஓடாது. எந்தக் காலத்தில் எது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் ஆஸ்வெஸ்ட்ரி என்ற வினாத்தாளை நிரப்ப வேண்டும். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, வலியால் தூக்கம் கெடுகிறதா, தானே குளித்து உடுத்திக்கொள்ள முடிகிறதா, எடை தூக்க முடிகிறதா என்று வாழ்க்கையின் பத்துப் பகுதிகளைப் பற்றிய கேள்விகள். மொத்த மதிப்பெண் சுழியத்திலிருந்து நூறு வரை. கூடக் கூட முடக்கம் அதிகம்.

தொடக்கத்தில் அவர்களின் சராசரி 44.7. தூண்டல் ஓடிய காலங்களில் 10.6 புள்ளி குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான். கருவி ஓடாத காலங்களில் 9.3 புள்ளி குறைந்தது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடாத காலத்தை அளக்காமல் விட்டிருந்தால், 10.6 புள்ளியும் மின்சாரத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும். நோயாளிகள் நன்றி சொல்லியிருப்பார்கள், மருத்துவர்கள் மாநாட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வித்தியாசம் 1.3 புள்ளி. ஐம்பது பேர் குறைவுதானே, இன்னும் பெரிய ஆய்வு செய்தால் பெரிய பலன் தெரியுமோ என்று கேட்கலாம். அதற்கும் ஆய்விலேயே பதில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகள் ஒற்றை எண்ணோடு, உண்மை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதையும் சொல்லும். இங்கே அந்த எல்லை தூண்டலுக்குச் சாதகமாக 3.9 புள்ளியிலிருந்து பாதகமாக 1.3 புள்ளி வரை. நோயாளியின் வாழ்க்கையில் உணரத்தக்க மாற்றம் என்றால் பத்துப் புள்ளியாவது வேண்டும் என்று ஆய்வாளர்கள் முன்பே வரையறுத்திருந்தார்கள். எல்லையின் மிகச் சாதகமான ஓரத்தைப் பிடித்துக்கொண்டாலும் பத்தில் பாதிகூட வரவில்லை. ஆய்வு சிறியது என்பதால் பெரிய பலன் கண்ணில் படாமல் போயிற்று என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 50 பேரில் 9 பேருக்குப் பாதகமான விளைவுகள் ஏற்பட்டன. அவர்களில் 4 பேருக்கு மறுபடியும் அறுவை தேவைப்பட்டது. கம்பி நகரலாம், கிருமி தொற்றலாம், பெட்டி இருக்கும் இடம் வலிக்கலாம், பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும். சர்க்கரை மாத்திரையாக இருந்தால் மருந்துப்போலிப் பலனோடு நின்றுவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. இது முதுகுக்குள் போகும் கம்பி. அதனால்தான் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்று இவ்வளவு கறாராகக் கேட்க வேண்டியிருக்கிறது.

மறுப்புகளும் மறு ஆய்வுகளும்

ஆய்வு வெளியானதும் இந்தத் துறை கொதித்தது. எழுந்த ஆட்சேபங்களில் சில வலுவானவை. பழைய வகைத் தூண்டலை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வேறு வகைத் தூண்டலைச் சோதித்தது ஏன்? மருத்துவமனைகளில் பயன்படும் கொத்துத் துடிப்பும் ஆய்வில் கொடுத்ததும் ஒன்றுதானா? ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி அமைப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யாமல் மூன்று மாதம் அப்படியே விடலாமா? இவை நியாயமான கேள்விகள். இந்த ஆய்வு அந்தக் குறிப்பிட்ட தூண்டலைப் பற்றி, அந்தக் குறிப்பிட்ட நோயாளிகளைப் பற்றித்தான் பேசுகிறது. தண்டுவடத் தூண்டல் முழுவதற்கும் இது மரண அறிக்கை என்று படிப்பது தவறு.

மறுபக்கம் சாய்ந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. 2018இல் வெளியான அதில், அறுவைக்குப் பிறகும் முதுகு வலி தீராத 24 பேரிடம் மூன்று வெவ்வேறு அதிர்வெண்களையும் போலியையும் மூன்று மூன்று வாரம் மாற்றிக் கொடுத்தார்கள். வினாடிக்கு 1,200, 3,030 துடிப்புகள் போலியைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. 5,882 துடிப்புகள் மட்டும் போலியைத் தெளிவாக விஞ்சியது. நம்பிக்கையூட்டும் முடிவு. ஆனால் ஆட்கள் 24 பேர், காலம் மூன்று வாரம். இதிலும் போலிக் காலத்தில் வலி தொடக்கத்தைவிட நன்றாகவே இறங்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2023இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, முதுகு வலிக்கான தண்டுவடத் தூண்டலைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டது. 13 ஆய்வுகள், மொத்தம் 699 பேர். ஆறு மாத அளவில் போலியைவிடக் கூடுதல் பலன் அநேகமாக இல்லை என்றது அந்த மதிப்பீடு. ஆறு மாத அளவுக்கு அதற்குக் கிடைத்த போலி ஒப்பீடு நார்வே ஆய்வு ஒன்றுதான். ஒரு வருடமோ அதற்கு மேலோ போலியோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூட அகப்படவில்லை. பல வருடங்கள் உடலில் இருக்கப்போகும் ஒரு கருவிக்கு இதைவிட நீண்ட சோதனை வேண்டாமா? இதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் இடம்.

நீண்ட காலம் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு நெதர்லாந்து ஆய்வு ஒன்று சாட்சி. கை அல்லது காலில் அடிபட்ட பிறகு வரும் ஒரு கொடிய வலி நோய்க்காக 54 பேரிடம் நடந்த அதன் ஆறு மாத முடிவு 2000இல் வெளியானபோது கருவி பெரிதும் உதவுவதாகத் தெரிந்தது. ஐந்தாம் வருடத்தில் பார்த்தபோது இரு கூட்டத்துக்கும் இடையே வலியில் இருந்த வித்தியாசம் மங்கிப்போயிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏற்கெனவே கருவி பொருத்தி நலமாக இருப்பவர் யாராவது கலங்கிப் போயிருந்தால், அவருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கிடைத்த நிம்மதி உண்மையானது. சராசரி எண் எதுவும் உங்கள் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஓர் ஆய்வின் பெயரால் நீங்களாகவே கருவியை நிறுத்திவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

இனிமேல்தான் முடிவெடுக்கப் போகிறவர் என்றால், நிலையான கருவிக்கு முன்னால் பொதுவாக ஒரு வாரம் போலத் தற்காலிகக் கம்பி வைத்துப் பார்ப்பார்கள். வலி பாதியாகக் குறைந்தால் கருவி உங்களுக்கு ஒத்துவரும் என்பார்கள். அந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு எல்லாம் தெரியும். கம்பி இருப்பதும் தெரியும், மின்சாரம் ஓடுவதும் தெரியும், இது கடைசி வாய்ப்பு என்பதும் தெரியும். நார்வே ஆய்வில் இருந்தவர்களும் அப்படி ஒரு தேர்வில் தேறியவர்களே. ஆகவே அந்த வாரத்தின் பலனை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எனக்குப் பொருத்தப் போவது எந்த வகைத் தூண்டல்? என் நோய்க்கு அதைப் போலியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா, வழக்கமான மருத்துவத்தோடு மட்டும் ஒப்பிட்டார்களா? எத்தனை மாதம் பார்த்தார்கள்? உங்களிடம் பொருத்திக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது? பலன் இல்லாவிட்டால் எப்போது எடுப்பீர்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், முடிந்தால் கூட ஒருவரையும் அழைத்துப் போங்கள். வலியோடு மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பாதிக் கேள்வி மறந்துபோகும்.